ஒரே மரம், பல ஏடுகள்

ரப்பர் மரத்தில் எத்தனை மரபணுக்கள் இருக்கின்றன? பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் அதன் மரபணுத்தொகுதியை முதன்முதலாக வெளியிட்டபோது 68,955 என்று கணித்தார்கள். 2016-இல் அதே பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தாரும் அதே ரகத்தை மறுபடி வாசித்து 84,440 என்றார்கள். அதே ஆண்டில் சீனாவின் ஹைனான் தீவில் இன்னொரு ரகத்தை வாசித்தவர்களுக்குக் கிடைத்த எண் 43,792. மறு ஆண்டு தாய்லாந்து ஆய்வாளர்கள் மூன்றாவது ரகம் ஒன்றிலிருந்து 43,868 என்றார்கள். 2020-இல் குரோமோசோம் வரிசைப்படியே தொகுக்கப்பட்ட சீன ஆய்வும் 44,000-ஐ ஒட்டியே நின்றது.

மரம் ஒன்றுதான், ஹீவியா பிரசிலியென்சிஸ். இந்த விடைகளைத் தந்தவர்கள் எல்லோரும் தேர்ந்த ஆய்வாளர்கள். அவர்கள் சேர்த்த தரவுகள் பொதுத் தரவுத்தளங்களில் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி கிடைக்கின்றன. ஆனால் ஒரு மாணவி இவை அனைத்தையும் இறக்கி ஒரே அட்டவணையாக ஒட்டினால், அவளுக்குக் கிடைப்பது கூடுதல் அறிவாக இருக்காது. எந்த மரபணு எதற்கு இணை, எது இரண்டு முறை எண்ணப்பட்டது, எது விட்டுப்போனது என்று தெரியாத ஒரு பெருங்குவியல்தான் மிஞ்சும்.

உயிரியல் இன்று எதிர்கொள்ளும் பெரிய இடர்களில் இதுவும் ஒன்று. தரவுக்குப் பஞ்சமில்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்தோடு, வெவ்வேறு அமைப்பில் சேர்த்தவற்றை ஒன்றோடொன்று பேசவைப்பதே கடினம். இதைக் கணினித் துறையின் சிக்கலாகவே பலரும் பார்க்கிறார்கள். பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர் தோட்டங்களிலிருந்து பார்த்தால் வேறொன்று தெளிவாகிறது. ஒவ்வொரு எண்ணையும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு முறையில், ஏதோ ஒரு தேவைக்காக எழுதியிருக்கிறார். அந்தப் பின்னணியைக் கூடவே கொண்டுவராத எந்த இணைப்பும் பொய்யைத்தான் பெருக்கும்.

கோலா கங்சாரில் வேரூன்றிய கணக்கு

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சுமார் 2,700. பெரும்பாலான கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 பேராக்கின் கோலா கங்சாருக்கு வந்தன. அந்த ஆண்டுதான் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றிருந்த ஹியூ லோ, அவற்றைத் தம் மாளிகைத் தோட்டத்தில் நடுவித்தார். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த மரம் ஒன்று இன்றும் கோலா கங்சாரில் மாவட்ட நில அலுவலகத்தருகே பாதுகாக்கப்படுகிறது.

மலாயாவிலும் சுமத்ராவிலும் இலங்கையிலும் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பிற்பாடு பரவிய ரப்பர் மரங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை. ஆய்வாளர்கள் இதை விக்காம் அடித்தளம் என்று குறிப்பிடுகிறார்கள். மரங்கள் இவ்வளவு நெருங்கிய உறவினராக இருக்க, அவற்றைப் பற்றிய ஏடுகளும் ஒத்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடந்தது அதுவன்று. பிரிட்டிஷ் மலாயாவில் 1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவானது. டச்சுக்காரர்கள் ஜாவாவிலும் சுமத்ராவிலும் தங்கள் நிலையங்களை நடத்தினார்கள். இலங்கைக்குத் தனி நிலையம் இருந்தது. பிரெஞ்சு இந்தோசீனம் தன் வழியில் போனது. இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1955-இல் கோட்டயத்தில் தொடங்கியது. மொழி, அளவை, சோதனை நடைமுறை, பெயர் சூட்டும் மரபு என்று எல்லாமே நிலையத்துக்கு நிலையம் வேறுபட்டன. பேரரசுகள் போய்விட்டன, அவை எழுதிவைத்த பத்திகளின் தலைப்புகள் மட்டும் இன்றும் நம் கணினிக் கோப்புகளில் தொடர்கின்றன.

எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை

முதலில் மரபணுத்தொகுதிக்கு வருவோம். எந்தக் கருவியும் ஒரு குரோமோசோமை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசித்துவிடவில்லை. சிறுசிறு துண்டுகளாக வாசித்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களைக் கண்டுபிடித்து, கணினி அவற்றைக் கோக்கிறது. ரப்பர் மரத்தில் இந்தக் கோர்வை மிகக் கடினம். அதன் தொகுதியில் ஏறத்தாழ 70 சதவீதமும் அதற்கு மேலும் திரும்பத்திரும்ப வரும் வரிசைகள். ஒன்றுபோலவே இருக்கும் துண்டுகள் எந்த இடத்துக்குரியவை என்று தீர்மானிக்க முடியாதபோது கோர்வை அறுந்துவிடுகிறது.

2013-ஆம் ஆண்டின் ஆய்வு மொத்தத் தொகுதியை 215 கோடி கார இணைகள் என்று எடுத்துக்கொண்டு, அதில் சுமார் 110 கோடியைக் கோத்தது. ஹைனான் ஆய்வு மொத்தத்தையே 147 கோடி என்று மதிப்பிட்டு, 137 கோடியைக் கோத்தது. ஆக, எவ்வளவு முடிந்தது என்ற கேள்விக்கும் பதில் எந்த மொத்தத்தை வைத்து வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

கோர்வை அறுந்த இடத்தில் மரபணு ஒன்று இருந்தால், அதன் இரு பாதிகளும் இரு மரபணுக்களாக எண்ணப்படக்கூடும். தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் சற்று வேறுபட்டிருந்தால், ஒன்றே இரண்டாகப் பதிவாகக்கூடும். தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் வரிசைகளை மரபணுவாகக் கொள்வதா வேண்டாமா என்பதில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விதி. எவ்வளவு ஆதாரம் இருந்தால் மரபணு என்று ஏற்பது என்பதிலும் அப்படியே. எனவே 84,440 என்ற எண்ணும் 43,792 என்ற எண்ணும் ஒரே கேள்விக்கான இரு விடைகளாகத் தோன்றினாலும், அவை இரு வேறு கேள்விகளுக்கான விடைகள். எந்தப் பதிப்பு, எந்த மென்பொருள், எந்த விதி என்பது இல்லாமல் எண்ணை மட்டும் எடுத்துப் போகிறவர், கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் தூக்கிச் செல்கிறார்.

ஒரே புரதத்துக்கு இரு வாழ்க்கை

பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களின் மேற்பரப்பில் ஒரு சிறு புரதம் ஒட்டியிருக்கிறது. ரப்பர் உருவாகும் வேதியியலை ஆராய்ந்தவர்கள் 1989-இல் அதற்கு ரப்பர் நீட்சிக் காரணி என்று பெயரிட்டார்கள். அதற்குத் துணையாக இன்னொரு புரதம், சிறு ரப்பர்த் துகள் புரதம், 1999-இல் விவரிக்கப்பட்டது. அதே காலகட்டத்தில் மருத்துவ உலகம் வேறொரு வழியாக இவற்றை வந்தடைந்தது. ரப்பர் கையுறை அணியும் செவிலியர்களுக்கும், பிறவித் தண்டுவடக் குறைபாட்டால் பலமுறை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளான குழந்தைகளுக்கும் கடும் ஒவ்வாமை ஏற்பட்டது. பாலிலுள்ள எந்தப் புரதங்கள் அதற்குக் காரணம் என்று தேடியவர்கள் அவற்றுக்கு வரிசை எண் கொடுத்தார்கள். ரப்பர் நீட்சிக் காரணி அங்கே 'ஹெவ் பி 1' ஆனது, சிறு ரப்பர்த் துகள் புரதம் 'ஹெவ் பி 3' ஆனது. மலேசிய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்களுக்கு இந்த ஒவ்வாமை ஆய்வில் முக்கியமான பங்கு உண்டு.

உயிர்வேதியியலாளர் ஒரு பெயரால் தேடுகிறார், ஒவ்வாமை மருத்துவர் இன்னொரு பெயரால் தேடுகிறார். இரண்டும் ஒன்றே என்று எங்காவது எழுதிவைக்கப்படாவிட்டால், ஒருவருடைய கண்டுபிடிப்பு மற்றவர் கண்ணில் படாது. இதைத் தீர்க்கவே யுனிபுரோட் போன்ற தரவுத்தளங்கள் ஒவ்வொரு புரதத்துக்கும் பெயரைச் சாராத அடையாள எண் ஒன்றைத் தருகின்றன. பெயர்கள் மாறலாம், கூடலாம், ஆனால் எல்லாம் அந்த ஒரு எண்ணின் கீழ் வந்து சேரும். யுனிபுரோட்டே மூன்று வெவ்வேறு புரதத் தரவுத்தளங்கள் 2002-இல் கைகோத்ததால் பிறந்தது என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும்.

பிறகு ஹைனான் ஆய்வு வந்தது. இந்தப் புரதக் குடும்பத்தில் 18 மரபணுக்கள் இருப்பதாக அது காட்டியது. பழைய கட்டுரைகளில் ஒற்றைப் பெயரால் சுட்டப்பட்டது இந்த 18-இல் எது? அளவை மட்டும் குறித்துவிட்டு வரிசையைக் குறிக்காத பழைய ஆய்வுகளை எந்த உறுப்பினரோடு சேர்ப்பது? அடையாள எண் இருந்தாலும் இந்தக் கேள்விக்கு மனிதர்தான் உட்கார்ந்து வாசித்து விடைகாண வேண்டும்.

நோய்களின் கதையும் இப்படியே. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய்க்குக் காரணமான பூஞ்சை 1904-இல் டோத்திடெல்லா உலெய் என்று விவரிக்கப்பட்டது. பின்னர் மெலனோப்சாமோப்சிஸ், அதற்குப் பின் மைக்ரோசைக்லஸ் என்று இனப்பெயர் மாறி, 2014-இல் சூடோசெர்கோஸ்போரா உலெய் ஆனது. ஹென்றி ஃபோர்டு அமேசான் காட்டில் தொடங்கிய ரப்பர்த் தோட்டத்தைச் சீர்குலைத்த நோய் இது. ஆசியாவுக்கு இன்னும் வரவில்லை. வந்துவிடாமல் காப்பதற்கான தனிமைப்படுத்தல் விதிகளும், எச்சரிக்கைப் பட்டியல்களும், மரபணு வரிசைகளும் நான்கு பெயர்களின் கீழ் சிதறிக்கிடக்கின்றன. மலேசியத் தோட்டங்களைப் பல்லாண்டுகளாக அலைக்கழித்த வெள்ளை வேர் நோயின் பூஞ்சையும் பழைய அறிக்கைகளில் ஃபோமெஸ் லிக்னோசஸ் என்றும், பிறகு ரிஜிடோபோரஸ் லிக்னோசஸ் என்றும், இன்று ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்றும் காணப்படுகிறது. புதுப்பெயரால் மட்டும் தேடுகிறவருக்கு, இந்த மண்ணில் நெடுங்காலம் சேர்த்துவைத்த அனுபவம் கண்ணில் படாமலே போகும்.

ஒரு மரத்துக்குள் இரண்டு மரங்கள்

ஆய்வுக்கூடத்தை விட்டு வெட்டுக்காட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பால்வெட்டும் பகுதிக்கு, வந்தால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. 1910-களில் ஜாவாவில் மொட்டு ஒட்டும் முறை உருவானது. நன்றாகப் பால் தரும் தாய்மரத்தின் மொட்டை எடுத்து, விதையிலிருந்து முளைத்த கன்றில் ஒட்டினால், மேலே வளர்வது தாய்மரத்தின் அச்சு அசலான பிரதி. அதையே குளோன் என்கிறோம். மலாயா நிலையம் உருவாக்கிய ஆர்ஆர்ஐஎம் 600 அப்படிப் புகழ்பெற்ற குளோன்களில் ஒன்று. தாய்லாந்தின் தோட்டங்களில் பெருமளவில் பரவியது அது. மேலே சொன்ன 2013, 2016 மலேசிய ஆய்வுகள் வாசித்ததும் அதன் தொகுதியைத்தான்.

ஆனால் ஒட்டுமரம் முழுவதும் ஒரே உயிர் அன்று. ஒட்டுக்கு மேலே குளோனின் மரபணுத்தொகுதி, கீழே பெயரில்லாத ஏதோ ஒரு விதைக்கன்றின் தொகுதி. இலையிலிருந்து எடுத்த மாதிரி வேரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வெள்ளை வேர் நோயைத் தாங்கும் திறனை ஆராய்கிறவர், மரத்தின் அடையாளமாகக் குளோன் பெயரை மட்டும் எழுதினால், நோய் தாக்கும் உறுப்பின் மரபணு எது என்பதையே விட்டுவிடுகிறார். ரப்பரைப் பொறுத்தவரை 'மரம்' என்ற பத்தி இரண்டாகப் பிரிக்கப்பட வேண்டியது. பெரும்பாலான அட்டவணைகளில் அது ஒன்றாகவே இருக்கிறது.

குளோன் பெயரும் முழு நம்பிக்கைக்குரியதன்று. ஆர்ஆர்ஐஎம் 600-இன் பெற்றோர் ஜாவாவின் சிராஞ்சி 1, சிலாங்கூரின் பிராங் பெசார் 86. முதலாவதன் ஊர்ப்பெயர் டச்சுக்கால எழுத்துமுறையில் ஒருவிதமாகவும், 1972-இன் இந்தோனேசிய எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் இன்னொருவிதமாகவும் எழுதப்படுகிறது. பிராங் பெசார் தோட்டமே இன்று இல்லை, அந்த நிலத்தில்தான் புத்ராஜெயா எழுந்திருக்கிறது. எழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே ஓர் இடைவெளி விட்டால் ஒரு குளோன், விடாவிட்டால் வேறொரு குளோன் என்று கணினி நினைக்கும். அதைவிடப் பெரிய குறை, நாற்றங்காலில் மொட்டுக் குச்சிகள் கலந்துபோவது. ஒரு பெயரில் நடப்பட்ட மரம் உண்மையில் வேறொரு குளோனாக இருப்பதை டிஎன்ஏ கைரேகைச் சோதனைகள் பலமுறை வெளிக்கொண்டுவந்திருக்கின்றன. அப்படிப்பட்ட மரத்தின் விளைச்சல் கணக்கை மரபணுத் தரவோடு எவ்வளவு நேர்த்தியாக இணைத்தாலும், இணைப்பு தொடங்கும் இடத்திலேயே பிழை உட்கார்ந்திருக்கும்.

கிராணியின் ஏட்டில் உள்ள எண்

விளைச்சலைப் பார்ப்போம். சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை தோட்டங்களில் விடியுமுன்னே பால்வெட்டு தொடங்கும். அதற்கு உயிரியல் காரணம் உண்டு. வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்குமுன் பால்குழாய்களில் அழுத்தம் மிகுதியாக இருக்கும், பால் நன்றாக ஓடும். மங்கு என்ற கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் கொண்டுவந்து கொடுத்தால், தோட்டக் கணக்கரான கிராணி அளந்து ஏட்டில் எழுதுவார். பல தோட்டங்களில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியால் பாலின் கெட்டித்தன்மையையும் பார்த்தார்கள். அதிலிருந்து காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள்.

அந்த ஏட்டின் நோக்கம் கூலி கொடுப்பது. மரத்தைப் பற்றி அறிவதற்காக அது எழுதப்படவில்லை. எனவே அதில் ஒரு வரி என்பது ஒரு தொழிலாளியின் ஒரு நாள். ஆய்வு நிலையத்தின் அட்டவணையில் ஒரு வரி என்பது ஒரு மரம், அல்லது ஒரு சோதனைப் பாத்தி. அரசுப் புள்ளிவிவரத்தில் அது ஒரு தோட்டம், ஓர் ஆண்டு. மூன்றிலும் பத்தியின் தலைப்பு 'விளைச்சல்' என்றே இருக்கலாம்.

அதே சொல்லுக்குள் எத்தனை அளவைகள்! பாலின் எடையா, காய்ந்த ரப்பரின் எடையா? பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் என்பதால், இதைக் குழப்பினால் எண் மூன்று மடங்கு மாறும். மங்கில் உறைந்த கட்டிப்பாலும் வெட்டுக்கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலும் சேர்ந்ததா, சேராததா? ஏக்கருக்கு ராத்தலா, ஹெக்டருக்குக் கிலோவா?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும், ஆனால் மிக ஆபத்தானது அதுதான். ஏக்கருக்கு ஒரு ராத்தல் என்பது ஹெக்டருக்கு 1.12 கிலோ. மூன்று மடங்கு பிழை யார் கண்ணிலும் பட்டுவிடும். 12 சதவீதப் பிழை படாது. நல்ல குளோனுக்கும் சற்றே சுமாரான குளோனுக்கும் உள்ள வேறுபாடு போலவே அது தோற்றமளிக்கும். அளவை மாற்றாமல் இணைத்த பழைய தரவு, புதிய குளோன் ஒன்றைப் பொய்யாக உயர்த்திக்காட்டக்கூடும். தரவு இணைப்பில் நம்மைக் கெடுப்பவை பெரும்பாலும் இப்படி நம்பத்தகுந்த முகத்தோடு வரும் பிழைகளே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வெட்டுக்கு ஒரு மரம் 30 கிராம் தருவதாக ஆய்வு அட்டவணை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டருக்கு வெட்டப்படும் மரம் 300, ஆண்டுக்கு வெட்டுநாள் 150 என்றால் விளைச்சல் 1,350 கிலோ. வெட்டப்படும் மரங்களுக்குப் பதிலாக, நட்ட கன்றுகளின் எண்ணிக்கை 450 என்று எங்கிருந்தோ எடுத்துப் பெருக்கினால் 2,025 கிலோ. இரண்டும் ஏட்டில் உள்ள எண்கள்தாம், இரண்டும் உண்மைதாம். தவறு அவற்றைப் பெருக்கியதில் இருக்கிறது.

வெட்டும் முறையும் எண்ணோடு பிறந்தது. அரைச் சுற்று வெட்டா, முழுச் சுற்றா? ஒருநாள் விட்டு ஒருநாளா, மூன்று நாளுக்கு ஒருமுறையா? இவற்றைக் குறிக்கும் பன்னாட்டுக் குறியீடு உண்டு, ஆனால் அது காலந்தோறும் திருத்தப்பட்டு வந்திருக்கிறது. 1970-களில் பால் ஓட்டத்தைத் தூண்டும் எத்திஃபான் மருந்து பரவியது. அதைத் தடவிய மரத்தின் கணக்கையும் தடவாத மரத்தின் கணக்கையும் ஒரே பத்தியில் வைத்தால், மருந்தின் விளைவு மரபணுவின் பேரில் எழுதப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, வெட்டியவர் கை. பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், வளர்திசுவுக்கு மிக அருகே நெருங்கியிருக்கின்றன. அவற்றை எட்டும் ஆழத்துக்கு வெட்ட வேண்டும், ஆனால் வளர்திசுவைக் காயப்படுத்தக்கூடாது. அந்த நூலிழை ஆழத்தை இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் தவறாமல் பிடித்தவர்கள் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்களும் ஆண்களும். அவர்கள் திறமை நேரடியாக விளைச்சலில் தெரியும். அதனால்தான் நன்கு திட்டமிட்ட குளோன் சோதனைகளில், வெட்டுபவரின் வேறுபாடு குளோனின் வேறுபாடாகத் தோன்றிவிடாதபடி நிரைகளைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். ஆனால் அட்டவணை தரவுத்தளத்துக்குள் நுழையும்போது வெட்டுபவருக்கான பத்தி பெரும்பாலும் விழுந்துபோகிறது. மரத்தின் மரபுக்குணம் என்று நாம் இன்று படிக்கும் பல எண்களுக்குள் அந்த உழைப்பாளிகளின் கைத்திறன் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கிறது. அதைப் பதிவு செய்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை, அறிவியலின் தேவையும்கூட.

எப்படி இணைப்பது

இணைப்புக்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, எல்லாத் தரவையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, ஒரே அமைப்புக்கு மாற்றி, சேமித்துவைப்பது. தேடுவது விரைவாக இருக்கும், ஆனால் மூலத்தில் திருத்தம் நடந்தால் சேமிப்பு பழசாகிவிடும். இன்னொன்று, தரவை அதனதன் வீட்டிலேயே விட்டுவிட்டு, கேள்வி வரும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் மொழியில் கேட்டு, விடைகளைத் தொகுத்துத் தருவது. விடை புதிதாக இருக்கும், ஆனால் ஒரு வீடு கதவை மாற்றினாலும் வழி அடைபடும். நடைமுறையில் பெரிய திட்டங்கள் இரண்டையும் கலந்தே கையாள்கின்றன. ரப்பருக்கும் ரிக்கென் நிறுவனத்தாரும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, மரபணுத்தொகுதியையும் எந்தத் திசுவில் எந்த மரபணு இயங்குகிறது என்ற தரவையும் ஒருங்கே காட்டும் தளம் ஒன்றை உருவாக்கினார்கள்.

எந்த வழியாக இருந்தாலும், முதலில் சொற்பொருளில் உடன்பாடு வேண்டும். 1998-இல் பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகிய மூன்று உயிரிகளின் தரவுத்தளங்களை நடத்தியவர்கள், மரபணுவின் பணியைக் குறிக்க ஒரே சொற்தொகுதியைப் பயன்படுத்துவது என்று ஒன்றுசேர்ந்தார்கள். ஜீன் ஆன்டாலஜி அப்படித்தான் தொடங்கியது. அதன் வெற்றிக்குக் காரணம் மென்பொருள் மட்டுமன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை எழுதியதும், ஒவ்வொரு பதிவுக்கும் அது எந்தவகை ஆதாரத்தில் நிற்கிறது என்று குறித்ததும் முக்கியமானவை. சோதனையில் கண்டதும், கணினி ஊகித்ததும் அங்கே வேறுவேறு அடையாளம் பெறுகின்றன. வயல் சோதனைகளுக்கு மியாப்பி என்ற குறைந்தபட்சத் தகவல் தரம் உருவாகியிருக்கிறது. எந்த மரம், எந்த இடம், எந்தப் பராமரிப்பு, எந்த முறையில், எந்த அளவையில் அளந்தது என்பன இல்லாத எண் தரவாகாது என்பதே அதன் சாரம். 2016-இல் வெளியான ஃபேர் நெறிகளும், தரவு தேடிக் கண்டடையக்கூடியதாகவும் மறுபடி பயன்படுத்தத் தக்கதாகவும் இருக்க, அதன் பிறப்பு வரலாறு உடன் வர வேண்டும் என்கின்றன.

இணைப்பாளர்கள் செய்யும் பெரிய தவறு முரண்பாட்டை அழிப்பது. இரண்டு மூலங்கள் வேறுபட்டால் சராசரி எடுத்து ஒன்றாக்கிவிடுகிறார்கள், அல்லது புதியதை வைத்துப் பழையதை நீக்கிவிடுகிறார்கள். பத்துப் பேர் வாளிப்பாலை ஒரே தொட்டியில் கொட்டிய பிறகு எந்தக் காட்டுப் பாலில் நீர் கலந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. தரவும் அப்படியே. முரண்பட்ட இரு பதிவுகளையும் அவற்றின் மூலத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதே நேர்மையான இணைப்பு. 68,955-உம் 84,440-உம் சேர்ந்து நிற்கும்போதுதான், ஒரே குளோனுக்கு ஏன் இவ்வளவு வேறுபாடு என்று அடுத்த ஆய்வாளர் கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்தே மேலான வாசிப்பு பிறக்கும்.

பேராக்கில் இன்னும் மிஞ்சியிருப்பது

இதையெல்லாம் ஏன் இப்போது பேச வேண்டும்? விக்காம் அடித்தளம் குறுகியது. ஒரு நோய்க்கு ஒரு மரம் பணிந்தால், அதன் உறவு மரங்களும் பணியும் அபாயம் உண்டு. இதை உணர்ந்துதான் 1981-இல் பன்னாட்டு ரப்பர் ஆராய்ச்சி வாரியமும் பிரேசிலும் சேர்ந்து அமேசானின் ஆக்ரே, ரொண்டோனியா, மாத்தோ குரோசோ பகுதிகளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட காட்டு ரப்பர் விதைகளைத் திரட்டின. பாதி பிரேசிலில் தங்கியது, மீதியில் பெரும்பகுதி மலேசியாவுக்கும் மற்றது ஐவரி கோஸ்டுக்கும் போனது. அந்தச் செல்வத்தில் எந்த மரம் எந்த நோயைத் தாங்கும், எது வறட்சியில் பால் தரும் என்று அறிய, மூன்று கண்டங்களிலும் அளந்தவற்றை ஒப்பிட வேண்டும். ஒப்பிடத்தக்கதாக எழுதிவைத்திருந்தால் மட்டுமே அது கைகூடும்.

இன்னொரு பக்கம், ஒப்பீட்டுக்கு உதவக்கூடிய பழைய ஏடுகள் மறைந்துகொண்டிருக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் ரப்பர் உற்பத்தியில் தாய்லாந்து மலேசியாவை முந்தியது. அதற்கு முன்பே பேராக்கின் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டுமனைகளாகியும் வந்தன. தோட்டம் கைமாறும்போது நடவுப் பதிவேடும், காட்டு வரைபடமும், செக்ரோல் என்ற வருகைப் பதிவும், பால் கணக்கும் எவருக்கும் வேண்டாத காகிதமாகின்றன. எந்தக் காட்டில் எந்த ஆண்டு எந்தக் குளோன் நட்டார்கள், எப்போது நோய் வந்தது, எத்தனை ஆண்டு வெட்டினார்கள் என்று பல பத்தாண்டுகளாகத் தொடர்ச்சியாக எழுதப்பட்ட தரவு வேறெந்த வகையிலும் திரும்பக் கிடைக்காது. இன்று புதிதாக ஒரு சோதனை தொடங்கினால், ரப்பர் மரம் வெட்டுக்கு வரவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதன் முழு வாழ்நாள் விளைச்சலை அறிய ஒரு தலைமுறை வேண்டும்.

ஆகவே சில வேலைகள் அவசரமானவை. பேராக்கில் இன்னும் மிஞ்சியிருக்கும் தோட்டப் பதிவேடுகளைத் திரட்டி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எந்தத் தோட்டம், யார் எழுதியது, எந்த அளவை, எந்த நோக்கம் என்ற குறிப்போடு பாதுகாக்க வேண்டும். எண்களைத் தட்டச்சு செய்வது இரண்டாவது படி. முதலில் மூலமும் அதன் பின்னணியும் தப்ப வேண்டும். இன்னும் நிற்கும் பழைய மரங்களிலிருந்து, ஒட்டுக்கு மேலும் கீழும் தனித்தனியே மாதிரி எடுத்து, ஏட்டில் உள்ள குளோன் பெயர் சரிதானா என்று டிஎன்ஏ வழியே பார்க்க வேண்டும். 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்த பழைய ஆராய்ச்சி நிலையத்தின் அனுபவமும், பல்கலைக்கழகங்களின் மரபணுத் திறனும் இதற்குத் துணைநிற்க முடியும்.

ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓய்ந்திருக்கும் பால்வெட்டாளர்களையும் கிராணிகளையும் கேட்பதும் அந்த வேலையின் ஒரு பகுதியே. ஏட்டில் உள்ள எண்ணில் கட்டிப்பால் சேர்ந்ததா, மழைநாளை எப்படிக் குறித்தார்கள், எந்தக் காட்டில் மரம் பால் வற்றியது, மருந்து தடவத் தொடங்கியது எப்போது என்பதற்குப் பல சமயம் அவர்களே ஒரே சாட்சி. உயிரியலில் இதற்குத் துறைச்சொற்கள் உண்டு. பொருள் எளியது, எண்ணை எழுதியவரிடமே அதன் பொருளைக் கேட்பது.

தரவுகளை இணைக்கும் கணினித் திறன் ஆண்டுக்காண்டு வளர்கிறது, இனியும் வளரும். ஆனால் எழுதப்படாமல் போன பின்னணியை எந்தத் திறனும் மீட்டுத்தராது. ஒன்பது கன்றுகளைப் பெற்று வளர்த்த மாநிலம் பேராக். அந்த மரத்தைப் பற்றி மனிதர் சேர்த்த அறிவில் பெரும்பங்கு இந்த மண்ணில், நம் மக்கள் கையால் அளக்கப்பட்டது. அதை உலகத் தரவுத்தளங்களோடு பொருள் கெடாமல் சேர்ப்பதற்குத் தேவையான ஏடுகளும் மனிதர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வேலை தொடங்க வேண்டியது இந்தத் தலைமுறையில்தான்.